அசுன்சியோன் மருந்துக்கடைக்காரர் சொன்ன சாட்சி

தென்னமெரிக்காவில் நான் காலடி வைத்ததே இல்லை. ஆனாலும் அந்தக் கண்டத்தின் தலைநகரங்களில் எந்த அருங்காட்சியகம் திங்கட்கிழமை பூட்டியிருக்கும், எந்தச் சந்தைக்குக் காலையில் போக வேண்டும், எந்தக் குன்றில் எப்போது ஏறினால் பனிமலை தெரியும் என்பதையெல்லாம் இலண்டனில் இருந்தபடியே பத்தொன்பது வருடம் சரிபார்த்துச் சம்பளம் வாங்கினேன். பயண வழிகாட்டி நூல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்தில் எனக்குச் சரிபார்ப்பாளர் வேலை. எழுதுபவர்கள் ஊர் ஊராகப் போய் எழுதி அனுப்புவார்கள். நான் இலண்டன் ஆர்ச்வேயில் ஒரு மேசையில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பேன். அதுதான் வேலை.

ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. போன மாதம், என் மேசையில் இப்போது இருக்கும் பிரீத்தி தொலைபேசியில் அழைத்தாள். கோயம்புத்தூர்ப் பெண். மரியாதை தெரிந்தவள்.

“சார், இனிமே எழுதுறதுக்கு ஆளே வேண்டாம்னு மேல பேசிக்கிறாங்க. தென்னமெரிக்கத் தலைநகரங்கள்ல என்ன பார்க்கணும், என்ன செய்யணும்னு கேட்டா மெஷின் ஒரு நிமிஷத்துல நாப்பது பக்கம் குடுத்திடுது. உங்களுக்கு அனுப்பட்டுமா?”

“நம்பலாமா?”

“அதான் சார் தெரியல. படிக்க நல்லாத்தான் இருக்கு. நீங்க எல்லாம் எப்படி செக் பண்ணீங்கன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா புதுசா வந்தவங்களுக்குக் காட்டுவேன்.”

நாற்பது பக்கத்தையும் படித்தேன். பென்சிலோடுதான் படித்தேன். வெறுங்கையோடு எதையும் படிக்கும் பழக்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது. பொகொட்டாவில் ஞாயிறு காலை பெருந்தெருக்களை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், வாடகைச் சைக்கிள் எடுத்துச் சுற்றுங்கள் என்றிருந்தது. சரி. மொன்டேவிடியோவில் கடற்கரை வீதியில் மாலை நடக்கச் சொன்னது. அதுவும் சரி. மூலிகைத் தேநீர் ஊற்றிக் குடிக்கக் கக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலை இடுக்கிக்கொண்டு ஊரே அங்கேதான் நடக்கும். பரமாரிபோவில் யூதர்களின் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கச் சொன்னது. சரி. லா பாஸில் விமானம் இறங்கிய அன்றே மேட்டுத் தெருக்களில் மூன்று மணி நேரம் நடக்கச் சொன்னது. ‘இதை எழுதியதற்கு நுரையீரல் இல்லை’ என்று ஓரத்தில் குறித்தேன். அந்த உயரத்தில் முதல் நாள் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும் என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். கோகா இலைத் தேநீரைக் குடித்துவிட்டுப் படுத்துக் கிடப்பதுதான் அங்கே முதல் நாள் செய்ய வேண்டியது.

மற்றபடி பிழைகள் குறைவு. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது பக்கத்தில் ஒருவரும் வழி தவறவில்லை, ஒருவருக்கும் வயிறு குழம்பவில்லை, ஒரு கதவும் பூட்டியிருக்கவில்லை. வெள்ளையாயிருப்பதெல்லாம் பால் என்று நம்ப நான் அந்தக் கதிரையில் பத்தொன்பது வருடம் இருக்கவில்லை.

பிரீத்திக்கு விதிகளை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த விதிகளை ஒன்றும் பிசகாமல் கடைப்பிடித்துத்தான் நான் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தேன். அதை மறைத்துவிட்டு விதியை மட்டும் கொடுத்தால் அதுவும் பொய்தான். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டவன், இலண்டனுக்கு வரும் வழியில் மட்ரிட்டில் ஏழு வருடம் தங்கிவிட்டேன். ஒரு விடுதியில் பாத்திரம் கழுவத் தொடங்கி அதே விடுதியின் வரவேற்பு மேசை வரை ஏறினேன். ஸ்பானிய மொழி அங்கே வந்தது. மனைவி மங்கையின் அக்கா இலண்டன் ஸ்ட்ரெதமில் இருந்தார். அவரை நம்பி இங்கே வந்தோம். ஸ்பானிய மொழி தெரிந்தவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன்.

நேர்முகத்தில் இருந்தவர் ஹில்டா. எங்கள் பிரிவின் மேலாளர். கிட்டோ நகரைப் பற்றி யாரோ எழுதிய ஒரு பக்கத்தைத் தந்து, இதில் எது பொய் என்று கேட்டார்.

“தெரியாது,” என்றேன். “ஆனால் இவர் குன்றின் உச்சியில் காற்று வாங்கினேன் என்கிறார், கோப்பி நன்றாயிருந்தது என்கிறார், சூரியன் விழுந்ததைப் பார்த்தேன் என்கிறார். எப்படி இறங்கினார் என்று சொல்லவில்லை. உண்மையில் ஏறினவனுக்கு இருட்டில் இறங்கியதுதான் முதலில் நினைவு வரும்.”

அடுத்த திங்கள் வேலைக்கு வரச் சொன்னார்.

ஹில்டா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் தாளை வாங்கி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் கவிழ்த்து வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். “எப்படித் தெரியும்?” என்று கேட்பார். தாளைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்வது வாசிப்பு, பார்க்காமல் சொல்வதுதான் தெரிந்தது என்பது அவர் கட்சி. பதில் சரியென்றால் ‘நல்லது’ என்றெல்லாம் சொல்ல மாட்டார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொள்வார். எனக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அந்தக் கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறியதுதான்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அட்டை வைத்திருந்தோம். எழுதியவர் எந்த நாள், எந்த நேரம், எப்படிப் போனார் என்பது அதில் முதலில் வரும். அதற்குக் கீழே சாட்சி. அந்த இடத்தால் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவரின் வாய்மொழி வேண்டும். உணவுக்கடைக்கே தொலைபேசி எடுத்து ‘உங்கள் சாப்பாடு நல்லதா’ என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? பக்கத்துக் கடைக்கு எடுக்க வேண்டும். எல்லாரிலும் நல்ல சாட்சி மருந்துக்கடைக்காரர் என்பார் ஹில்டா. காலை முதல் மாலை வரை தெருவைப் பார்த்தபடி நிற்கிறவர். உல்லாசப் பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு ஒன்றும் குறையாது. கேள்வியும் ஓம், இல்லை என்று முடிகிற கேள்வியாக இருக்கக் கூடாது. ‘திங்கட்கிழமை திறப்பார்களா’ என்றால் மரியாதைக்கு ‘ஓம்’ என்று விடுவார்கள். ‘எந்த நாளில் வாசலைக் கழுவுகிறார்கள்’ என்று கேட்டால் உண்மை வரும். ஒரே சாட்சியை வேறு வேறு நாளில் இரண்டு தடவை கேட்க வேண்டும். கடைசியாக ஒரு விதி இருந்தது: சரிபார்ப்பு முடியும்வரை எழுதியவரோடு அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அவர் நம் கண்ணில் மண்ணைத் தூவிவிடுவார்.

இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது எங்கள் ஊரில் கலியாணத்துக்கு ஆள் விசாரிக்கிற வேலை. மாப்பிள்ளை வீட்டில் போய் ‘பெடியன் குடிக்கிறவனோ’ என்று யாரும் கேட்பதில்லை. சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசத் தொடங்கி, மெல்ல அங்கே வருவார்கள். ஹில்டாவிடம் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தீர விசாரிப்பதே மெய் என்று சின்ன வயதில் இருந்து கேட்டதுதான். அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்று அப்போது தெரியாது.

மாட்டினின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாட்டின் எங்கள் பழைய எழுத்தாளர்களில் ஒருவர். ஆங்கிலேயர். எல்லாருக்கும் வேண்டியவர். மொன்டேவிடியோவில் ஒரு தெரு மூலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை முரசு அடிப்பவர்கள் தீ மூட்டித் தோலை வாட்டுவதைப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அந்த மூலையில் ரொட்டி சுட்டு விற்கும் பாண்கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தத் தெருவில் அப்படி ஒன்றும் இல்லை என்றாள் கடைக்காரி. இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். அட்டையில் ‘இல்லை’ என்று எழுத வேண்டியதுதான். ஆனால் அன்று தேநீர் போடும் இடத்தில் மாட்டின் நின்றார். “என்ன மாட்டின், அது எந்த மூலை?” என்று கேட்டுவிட்டேன். அவர் கை துடைக்கும் காகிதத் துவாய் ஒன்றில் படம் கீறிக் காட்டினார். பார்த்தால் அடுத்த தெரு. எழுதும்போது ஒரு தெரு மாறிவிட்டது. பாண்கடைக்காரியிடம் அடுத்த தெருவைப் பற்றிக் கேட்டேன். “அது உண்மை, சத்தம் இங்கே வரை கேட்கும்,” என்றாள். அட்டை சரியாகிவிட்டது. விதியை மீறினேன் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை.

நான் பிழைப்பைக் கெடுத்தவள் சியாமளா. அவளை எழுதும் வேலைக்குக் கூட்டி வந்ததே நான்தான். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அலுவலகத்தில் இருந்து நடந்து ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போவேன். அங்கேதான் பழக்கம். சின்ன வயதில் பெற்றோருடன் பார்சிலோனாவுக்குப் போய் அங்கே படித்தவள். நாற்பது வயதிருக்கும். தனியாக ஓர் அறை எடுத்து இருந்தாள். ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் தண்ணீர் பட்ட பாடு. எழுத்தும் நல்ல எழுத்து. ஹில்டாவிடம் பெயரைச் சொன்னேன். நாலு வருடத்தில் ஆறு தலைநகரங்களுக்குப் போய் எழுதினாள். இதைத் தவிர வேறு வேலை தனக்கு ஒட்டாது என்பாள்.

அவள் சேர்ந்த முதல் மாதம் அலுவலகத்தில் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார்: “உன் சொந்தக்காரியா?” நான் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாக ஏறிவிட்டது. தமிழன் தமிழரை விட்டுக்கொடுக்க மாட்டான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். மற்றவர்களின் அட்டைக்கு ஒரு மணி நேரம் என்றால் அவளுடையதற்கு இரண்டு. நேர்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒரு ஜனவரியில் அவள் அசுன்சியோனுக்குப் போய் வந்தாள். பராகுவேயின் தலைநகரம். எழுதி அனுப்பியவற்றில் இது ஒன்று:

‘பெரிய மாமரம் நிற்கும் பழைய வீடு. முன்கதவைத் தட்டாதீர்கள், பக்கவாட்டில் உள்ள நீலக் கதவைத் தட்டுங்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி சிலந்தி வலை போன்ற சரிகைப் பின்னல் பின்னுகிறார். செவ்வாயும் வியாழனும் காலையில் உங்களையும் உட்கார வைத்து ஒரு பூப் பின்னக் கற்றுத் தருவார். குளிர்ந்த மூலிகைத் தண்ணீர் தருவார். அவசரப்படாதீர்கள், ஒரு பூவுக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும்.’

நன்றாயிருந்தது. மிக நன்றாயிருந்தது. அதனால்தான் நாளைப் பார்த்தேன். செவ்வாயும் வியாழனும் என்று எழுதியவள், தான் போன நாள் திங்கள் என்று குறித்திருந்தாள். அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசி இல்லை. ஒட்டினாற்போல் ஒரு மருந்துக்கடை இருந்தது. இதைவிட என்ன வேண்டும்?

இலண்டனில் பிற்பகல், அங்கே காலை. எடுத்தேன். நடுவயதுக் குரல், நிதானமான பேச்சு. பக்கத்து வீட்டில் பின்னல் வேலை செய்யும் அம்மா எந்த நேரத்தில் கதவைத் திறக்கிறார் என்று கேட்டேன்.

“எந்த அம்மா? அந்த வீட்டில் மாமரம் இருக்கிறது. மனிதர் இல்லை.”

“பூட்டிய வீடா?”

“எனக்குத் தெரிந்து பல வருடமாக அங்கே யாரும் இல்லை, ஐயா.”

ஐந்து நாள் கழித்து மறுபடியும் எடுத்தேன். அதே குரல், அதே பதில். விதி நிறைவேறிவிட்டது.

அந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் சாப்பாட்டு வரிசையில் சியாமளா எனக்கு முன்னால் நின்றாள். திரும்பிச் சிரித்தாள்.

“அண்ணை, இந்தமுறை அசுன்சியோனில ஒரு பகிடி நடந்தது, கேளுங்கோவன்…”

“வேலை விசயம் கோயிலில வேண்டாம், பிள்ளை.”

“ஓம், சரி அண்ணை,” என்று சொல்லிவிட்டு என் தட்டையும் சேர்த்து வாங்கித் தந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டேன். அவளைப் பற்றி என்னிடம் பாதி அட்டை நிரம்பியிருந்தது. சோறு தடையில்லாமல் இறங்கியது என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அட்டையை ஹில்டாவிடம் கொண்டுபோனேன். கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எப்படித் தெரியும்?”

சொன்னேன். நாள் முரண்படுகிறது. சாட்சி இரண்டு தடவை ஒன்றையே சொல்கிறார்.

“அவர் ஏன் அப்படிச் சொல்கிறார்?”

“உண்மை என்பதால். பொய் சொல்லி அவருக்கு என்ன லாபம்?”

ஹில்டா கவிழ்ந்திருந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். “நாலு வருடத்தில் இவளிடம் இப்படி ஒன்றும் வந்ததில்லையே,” என்றார்.

“என் ஆள் என்று பார்க்காதீர்கள். நான் பார்க்கவில்லை.”

“நானும் பார்க்கவில்லை. நீ ஏன் அதைச் சொல்கிறாய்?” என்று கேட்டார். நான் மருந்துக்கடைக்காரர் சொன்னதையே மறுபடி சொன்னேன். கடைசியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்து வைத்தார். அன்று மட்டும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போகாத இடத்துக்குப் போனதாக எழுதுவதுதான் எங்கள் தொழிலில் கொலைக்குற்றம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவள் எழுதிய மற்ற நகரங்களையும் புரட்டினோம். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் பொய் என்று ஒன்று பட்டபின் சரியானவையும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும். அவளுக்கு ஒரு கடிதம் போனது. ‘ஒரு பதிவை உறுதி செய்ய இயலவில்லை, ஒப்பந்தத்தைத் தொடர முடியாது.’ எந்தப் பதிவு, யார் சாட்சி என்று சொல்வதில்லை. அதுவும் விதி. அவள் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இது சின்னத் தொழில். எங்களிடம் நின்றுபோனவளை மற்றப் பதிப்பகங்களும் எடுக்கவில்லை.

ஏறக்குறைய பத்து மாதம் கழித்து, டிசம்பரில், அதே தெருவில் பஸ் எங்கே நிற்கிறது என்று ஒரு சின்ன விசாரிப்பு வந்தது. மருந்துக்கடை இலக்கம் அட்டையில் இருந்தது. எடுத்தேன். என் குரல் அவருக்கு ஞாபகமில்லை.

“பஸ்ஸா? முன்பு என் வாசலில் நின்றது. இப்போது தள்ளி நிற்கிறது. எப்படி நிற்கும்? நடைபாதை முழுக்க அவளுடைய மாம்பழம் அழுகிக் கிடக்கிறது! சறுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?”

“யாருடைய மாம்பழம்?”

“பக்கத்து வீட்டுக்காரி. பின்னல்காரி. மரத்தை வெட்டு என்று நகரசபைக்கு எத்தனை மனு போட்டேன். ஒன்பது வருடமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. அவளைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வந்து என் கதவைத் தட்டுகிறார்கள். இங்கே அப்படி யாரும் இல்லை, பல வருடமாக யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.” சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

நான் தொலைபேசியை வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. பொய் சொல்லி அவருக்கு என்ன லாபம் என்று ஹில்டாவைக் கேட்டவன், வேலிச் சண்டை பார்த்து வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்தான்.

உடனே ஹில்டாவிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாலு நாள் பேசாமல் இருந்தேன். அந்த மேசையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, அது போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

நாலாம் நாள் இரவுச் சாப்பாட்டில் மங்கை கேட்டாள்.

“இஞ்சருங்கோ, என்ன பிரச்சினை? சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைக்கிறியள்.”

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் என்னைத் தேற்றவில்லை.

“உங்கட சித்தப்பா என்ன செய்தவர்? பக்கத்து வீட்டுக் கனகமக்கா வேலி அடைக்கேக்கை ரண்டு கதியாலை அவற்றை காணிக்குள்ளை தள்ளி நட்டுப்போட்டா எண்டு, அவவின்ரை மோளுக்கு வந்த சம்பந்தத்தை முறிச்சவரெல்லோ? விசாரிக்க வந்த ஆக்களிட்டை அந்தப் பிள்ளைக்கு வலிப்பு எண்டு சொன்னவர். அந்தப் பிள்ளை பிறகு எத்தினை வருசம் கலியாணமில்லாமல் இருந்தது! அந்த வீட்டில பிறந்து வளந்த நீங்கள், பக்கத்து வீட்டுக்காரன்ரை கதையைக் கேட்டு ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை வேலையைப் பறிச்சனியளோ?”

“விதி அப்பிடி, மங்கை.”

“விதியாம். நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ. சொல்லாட்டில் நான் போன் எடுத்துச் சொல்லுவன்.”

வேலியோடு இருக்கிறவனை விட்டு ரண்டு வீடு தள்ளிக் கேள் என்பது எங்கள் பக்கத்துக் கலியாணத் தரகர் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஹில்டாவுக்குத் தெரியாது, அவர் வேலிக்குச் சண்டை பிடிக்கிற ஊரில் பிறக்கவில்லை. அவருடைய விதியில் இருந்த ஓட்டையை அடைத்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் ஹில்டாவின் அறைக்கு வெறுங்கையோடு போனேன். கவிழ்த்து வைக்க ஒரு தாளும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார். பிறகு பழைய அட்டையை எடுத்து, முதலில் தன்னுடைய கையெழுத்தை வெட்டினார். அதன் பிறகு என்னுடையதை வெட்டினார்.

“எத்தனை நாளாகத் தெரியும்?” என்று கேட்டார்.

“ஐந்து.”

அவர் அட்டையைப் பெட்டியில் திரும்பப் போட்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “திரும்ப வரும்படி நான் கடிதம் எழுதுகிறேன். அது என் வேலை,” என்றார். “நேரில் போவது உன் வேலை.”

கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் வரவில்லை. சியாமளா சவுத்தாலில் ஒரு சேலைக்கடையில் நிற்கிறாள் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். கடையில் கூட்டமில்லை. சட்டைத்துணி அளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்திரிக்கோலை வைத்தாள்.

“வாங்கோ அண்ணை. இருங்கோ,” என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

“கடிதம் வந்தது அண்ணை.”

“திரும்பி வாரும் பிள்ளை. பிழை முழுக்க என்ரை. அந்த மருந்துக்கடைக்காரனை நம்பி…” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். “அவரை எனக்குத் தெரியும். நானும் முதல் அவரிட்டைத்தான் வழி கேட்டனான். அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு, வாசலில கிடந்த மாம்பழத்தைக் காலால தட்டிவிட்டார். அதிலதான் ஆள் பொய் சொல்லுறார் எண்டு எனக்கு விளங்கினது. அண்டைக்குத் திங்கள். அந்த அம்மா நாள் பாராமல் என்னைக் கூப்பிட்டு இருத்தினவ. அந்தப் பகிடியைத்தான் கோயிலில சொல்ல வந்தனான்.”

தேத்தண்ணீரைத் தொடவில்லை.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இதை மாட்டின் எழுதியிருந்தா அவரிட்டைப் போய்க் கேட்டிருப்பியள்தானே? என்ன மாட்டின், இது என்ன நாள் மாறிக் கிடக்கு எண்டு?”

விதி என்று சொல்லலாம். ஹில்டாவும் கையெழுத்து வைத்தார் என்று சொல்லலாம். நாலைந்து பதில் வாய் வரைக்கும் வந்தது. அவற்றில் ஒன்றும் சரிபார்ப்பில் நிற்காது.

“ஓம்,” என்றேன்.

“நான் உங்கட ஆள் எண்டபடியாத்தான் கேக்கேல்லை.”

“ஓம், பிள்ளை.”

அவள் துணியை மடித்து ஒரு பக்கம் வைத்தாள். கண் கலங்கியது, ஆனால் குரல் மாறவில்லை. “இதைச் சொன்னியள், எனக்கு அது காணும். திரும்பி வர எனக்கு ஏலாது அண்ணை. ஒவ்வொரு பக்கம் எழுதேக்கையும் நீங்கள் அங்கை இருந்து பாக்கிறியள் எண்டுதான் நினைப்பன். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

குடித்தேன். அவள் அன்றே ஹில்டாவுக்குப் பதில் எழுதிவிட்டாள். அடுத்த பதிப்பில் அந்த நீலக் கதவு வீடு வந்தது. அவள் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டார்கள். எழுதியவர்கள் பெயரில் தன்னுடையது வேண்டாம் என்று அவள் கேட்டிருந்ததால் அது இல்லை. சரிபார்த்தவர்கள் பெயரில் என்னுடையது இருந்தது.